மூன்றரை மணி நேரச் சாலையும் எண்பது நிமிடச் சிரிப்பும்

சென்ற வார இறுதியில் என் தந்தையார், மனைவி, 14 வயது மகள், 10 வயது மகன் ஆகியோரை அழைத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் கார் ஓட்டிச் சென்று, ஒரு நகைச்சுவைக் கலைஞரின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்து, அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் பிற்பகல் வீடு திரும்பினேன். நிகழ்ச்சியின் நீளம் எண்பது நிமிடம். அதற்காகச் சாலையில் கழிந்தது ஏழு மணி நேரம். இந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு, எங்களுக்குக் கட்டுப்படியானது என்றே சொல்வேன். மேடையில் நின்றவரின் திறமை அதற்கு ஒரு காரணம். அரங்கமும் ஒலியமைப்பும் நாங்கள் அமர்ந்த இருக்கையும் அதற்குச் சற்றும் குறையாத காரணங்கள். அமைப்பாளர்கள் செய்த இரண்டு தவறுகளும் உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

என் தந்தையாருக்கு 76 வயது. நான்கு ஆண்டுகளாக இரண்டு காதுகளிலும் கேட்புக் கருவி அணிகிறார். முதுமையில் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளைத்தான் முதலில் பறிக்கிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக இருப்பதால் ஒருவர் பேசுகிறார் என்பது நன்றாகவே கேட்கும். ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல மங்கிப்போவதால், அவர் என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடாது. "காதில் விழுகிறது, புரியத்தான் இல்லை" என்று அப்பா அடிக்கடி சொல்வது இதைத்தான். இரைச்சல் மிகுந்த இடத்தில் இந்தத் துன்பம் பன்மடங்காகும். நகைச்சுவையிலோ ஒரு சொல் நழுவினால் எல்லாமே நழுவிவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் அனைவரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் நடுவில் அமர்ந்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்பதைக் குடும்ப நிகழ்ச்சிகளில் அவர் முகத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அதனாலேயே இரண்டு ஆண்டுகளாக அவர் எந்த அரங்குக்கும் வர ஒப்புக்கொள்ளவில்லை. இந்த முறை வந்தார். ஆகவே இந்த மதிப்புரை பெரும்பாலும் அவருடைய காது வழியாகக் கேட்ட மதிப்புரை.

இந்தக் கலைஞரின் பதிவுகள் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்பு என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரொவைன், தம் மாணவர்களைக் கொண்டு சிரிப்பைப் பற்றிய நாட்குறிப்பு எழுதச் செய்து, மனிதர்கள் தனித்திருக்கும்போது சிரிப்பதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு பிறருடன் இருக்கும்போது சிரிக்கிறார்கள் என்று கண்டார். தொலைக்காட்சியினர் இதை அனுபவத்திலேயே உணர்ந்திருந்தனர். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் பதிவு செய்த சிரிப்பொலிகளைத் தேவைப்பட்ட இடத்தில் சேர்க்கும் கருவி ஒன்றையே உருவாக்கினார். வீட்டில் தனியாக அமர்ந்திருப்பவருக்குக் கூட்டத்தில் இருக்கும் உணர்வைத் தருவதே அதன் வேலை. இந்தக் கலைஞரின் பதிவுகளை நாங்கள் வீட்டில் பார்த்தபோது என் மனைவி புன்னகைத்தார், மகள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். அரங்கில் அதே மனிதர் ஏறத்தாழ அதே செய்தியைச் சொன்னபோது இருவரும் கண்ணீர் துடைத்துக்கொண்டார்கள். என் மகனின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

முன்பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்துடன் செல்பவர்களுக்கு மாலையின் பாதி வெற்றி இங்கேயே முடிவாகிவிடுகிறது. நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன்பு அரங்க அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டேன். முதலாவது, கேட்புக் கருவி அணிபவர்களுக்கான தூண்டல் வளையம் அரங்கில் உண்டா என்பது. பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் விளக்குகிறேன். இருக்கைப் பகுதியைச் சுற்றிப் பதிக்கப்பட்ட ஒரு கம்பி வளையம் மைக்கில் இருந்து வரும் மின்சைகையைக் காந்தப் புலமாக மாற்றுகிறது. கேட்புக் கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறிய சுருள் அதைப் பெற்று, மீண்டும் ஒலியாக்கி நேரே காதில் சேர்க்கிறது. சுவரில் பட்டு வரும் எதிரொலியும் பக்கத்து இருக்கையின் பேச்சும் இடையில் கலக்காமல், கலைஞர் காதருகில் நின்று பேசுவதைப் போலக் கேட்கும். எல்லாக் கேட்புக் கருவிகளிலும் இந்தச் சுருள் இருப்பதில்லை. இருக்கும் கருவிகள் சிலவற்றிலும் வல்லுநர் அதை இயக்கி வைத்தால்தான் பயன்படும். அப்பாவின் கருவிகளில் அது இருந்தும் நான்கு ஆண்டுகளாக இயக்கப்படாமலே கிடந்தது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு அதைச் சரிசெய்துகொண்டோம்.

தொலைபேசியில் பேசிய பெண்மணி என் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, வளையம் உண்டு என்பதோடு நிற்காமல், எந்த வரிசைகளில் அது நன்றாக எட்டுகிறது, எந்த ஓரத்தில் மங்கிவிடுகிறது என்பது வரை சொன்னார். நான்காவது வரிசையின் நடுப்பகுதியில் ஐந்து இடங்களைப் பரிந்துரைத்தவரும் அவரே. முன்வரிசை வேண்டுமா என்று கேட்டு, "அங்கே அமர்ந்தால் கலைஞர் பேச்சுக்கு இழுப்பார், பெரியவருக்கு அது உவப்பாக இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எச்சரிக்கவும் செய்தார். தாம் பணிபுரியும் அரங்கை இப்படி இருக்கை இருக்கையாக அறிந்து வைத்திருக்கும் ஒருவரிடம் பேசுவது பெரிய ஆறுதல்.

இரண்டாவது கேள்வி வயது பற்றியது. பத்து வயதும் அதற்கு மேலும் என்று அறிவிப்பில் இருந்தது. அது உண்மையாகவே பொருந்துமா என்று கேட்டேன். பொருந்தும் என்றார்கள். இந்த விடை பாதிதான் சரியாக இருந்தது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் மகனுக்கு வளைவான சாலைகளில் தலைசுற்றல் வரும். உள்காது அசைவை உணர்கிறது, மடியில் இருக்கும் திரையையே பார்க்கும் கண் அசைவு இல்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது என்பதால், காரில் திரைகளைத் தவிர்த்து, தொலைவைப் பார்த்து விளையாடும் விளையாட்டுகளையே வைத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரம் ஓட்டியதும் கால்மணி நேரம் நின்றோம். நிகழ்ச்சி தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே ஊரை அடைந்து, விடுதியில் பையை வைத்துவிட்டு, அப்பாவை ஒரு மணி நேரம் படுக்க வைத்தோம். இந்த ஓய்வு மிக முக்கியம். பயணக் களைப்போடு நேரே அரங்கில் போய் அமர்ந்தால், முதியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் கவனம் நிற்காது. கேட்புக் குறைவு உள்ளவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முயன்று கேட்கிறார் என்பதால் களைப்பு அவரை மற்றவர்களைவிட விரைவில் வீழ்த்திவிடும்.

அரங்கம் சிறியது, முந்நூறு இருக்கைகளுக்கு மேல் இராது. கூரை தாழ்வாக இருந்தது. சுவர்களில் கனமான கறுப்புத் திரைகள் தொங்கின. பார்க்க எளிமையான இந்த அமைப்பு நகைச்சுவைக்கு மிகவும் உகந்தது. இசைக்காகக் கட்டப்படும் பெரிய மண்டபங்களில் ஒலி இரண்டு நொடி வரை சுழன்று நிற்பது இசைக்கு அழகு சேர்க்கும். பேச்சுக்கோ ஒரு நொடிக்கு மேல் எதிரொலி நின்றால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். கூரை தாழ்ந்திருந்தால் சிரிப்பொலி மேலே போய்க் கரைந்துவிடாமல் மக்களிடமே திரும்பி வருகிறது. இருக்கைகள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. கடைசி வரிசைகளில் சிதறி அமர்ந்திருந்த சிலரை ஊழியர்கள் பணிவாகக் கேட்டு முன்பக்கக் காலியிடங்களில் அமர்த்தினார்கள். இது சிலருக்குத் தொந்தரவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் இருவருக்கு நடுவே ஐந்து காலி இருக்கைகள் கிடந்தால் ஒருவர் சிரிப்பு மற்றவரைத் தொற்றாது. அவர்கள் செய்தது சரியே.

விளக்குகள் அணைவதற்கு அறிவித்த நேரத்தைக் கடந்து முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. இது முதல் தவறு. காரணம் சொல்லப்படவில்லை, வருத்தமும் தெரிவிக்கப்படவில்லை. குழந்தைகளுடன் வந்த குடும்பங்களுக்கு அந்த முப்பத்தைந்து நிமிடம் வெறும் காத்திருப்பாக முடிவதில்லை. பிள்ளைகள் விழித்திருக்கக்கூடிய நேரத்தில் அவ்வளவு குறைந்துபோகிறது. எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு சிறுமி நிகழ்ச்சியின் கடைசிக் கால்பகுதியை உறங்கியே கழித்தாள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. தலைமைக் கலைஞருக்கு முன்பு, அரங்கைச் சூடேற்றுவதற்காக, ஓர் இளம் கலைஞர் பதினைந்து நிமிடம் பேசினார். தொடக்கக் கலைஞரை வைப்பது இந்தத் துறையில் எங்கும் உள்ள நல்ல வழக்கம். கூட்டம் சிரித்துப் பழகிய பிறகு வருபவருக்கு வேலை எளிதாகும், இளையவருக்கும் மேடை கிடைக்கும். ஆனால் அவர் பேசிய செய்திகளில் ஒரு பகுதி பத்து வயதுச் சிறுவன் கேட்கத் தக்கதாக இல்லை. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை; குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பது, இடையில் முன்வரிசையில் ஒரு சிறுவனைக் கண்டதும் அவர் முகம் மாறியதிலிருந்து தெரிந்தது. உடனே பேச்சை வேறு பக்கம் திருப்பினார், அது அவருடைய பண்பு. வயது அறிவிப்பு என்பது மேடையேறும் ஒவ்வொருவருக்கும் பொருந்த வேண்டும், தலைமைக் கலைஞருக்கு மட்டும் அன்று. அறிவிப்பை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். இதை அன்றிரவே அமைப்பாளர்களுக்கு எழுதினேன். குழந்தைகளோடு செல்பவர்கள், "முன்னால் பேசப்போகிறவர் யார், அவருக்கும் இதே வயது வரம்புதானா?" என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.

தலைமைக் கலைஞர் மேடையேறியதும் இவையெல்லாம் பின்னுக்குப் போயின. ஒரு மைக், ஒரு உயரமான முக்காலி, ஒரு குவளைத் தண்ணீர். வேறு எதுவும் மேடையில் இல்லை. வந்ததும் அவர் சிரிக்க வைக்க அவசரப்படவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டார். அவர்கள் சொன்ன விடைகளைப் பிடித்துக்கொண்டு வளர்த்தார். கூட்டத்தோடு பேசும் இந்தப் பகுதியைக் கலைஞர்கள் 'கிரவுட் வொர்க்' என்பார்கள். பதிவு செய்து வெளியிடும் துணுக்குகளில் இது ஒருவரை மட்டம் தட்டுவதாகவே பெரும்பாலும் இருக்கிறது. இவரிடம் அது இல்லை. ஒரு பெண்மணி தம் வேலையைச் சொன்னபோது, அந்த வேலையில் தமக்குப் புரியாததைப் பற்றி நகைச்சுவையாகப் பேசினாரே தவிர, அந்தப் பெண்மணியைப் பற்றிப் பேசவில்லை. அவரும் மனம்விட்டுச் சிரித்தார்.

நிகழ்ச்சியின் மையக் கதை வீட்டுப் பூட்டைப் பற்றியது. குடும்பத்தோடு வெளியூர் புறப்படும் ஒரு தகப்பனார் பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிறார். படியிறங்கிவிட்டுத் திரும்பி ஏறி இழுத்துப் பார்க்கிறார். தெருமுனை வரை போய்விட்டு வண்டியைத் திருப்பச் சொல்கிறார். இவ்வளவுதான் கதை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இதை அவர் பன்னிரண்டு நிமிடம் சொன்னார், ஒவ்வொரு திரும்புதலிலும் அந்தத் தகப்பனார் சொல்லும் காரணம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அன்று காலை எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். என் மகள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சிரித்த சிரிப்பு, வாய்மூடிய பணிவான சிரிப்பு அன்று. தோள் குலுங்கி, கண் மூடி, மூச்சுக்குத் திணறிய சிரிப்பு. அதைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பாவால் ஏன் ஒரு சொல்லையும் விடாமல் கேட்க முடிந்தது என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். வளையம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கலைஞரின் நிறுத்தம். ஒரு நகைச்சுவை விழுந்ததும் சிரிப்பு அலையைப் போல எழுந்து உச்சிக்குப் போய் இறங்குகிறது. தேர்ச்சி குறைந்தவர் அலை உச்சியில் இருக்கும்போதே அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார். அந்த வரியின் முதல் பாதி யாருக்கும் கேட்காது. சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தாலோ அரங்கம் ஆறிப்போகும். இவர் ஒவ்வொரு முறையும் அலை பாதிக்கு மேல் இறங்கியதும் வாயைத் திறந்தார். அடுத்த வரியின் முதல் இரண்டு சொற்கள் கேட்காவிட்டாலும் இழப்பில்லாத சொற்களாக, "அப்புறம் பார்த்தால்" என்பதைப் போல அமைத்திருந்தார். கருத்தைத் தாங்கும் சொல் எப்போதும் அமைதிக்குள் வந்து விழுந்தது. கேட்புக் குறைவு உள்ள ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தக் கலைஞருக்கே தெரியுமா என்று அறியேன். நாற்பது நிமிடம் கழித்து, முற்றிலும் வேறொரு கதையின் முடிவில், எதிர்பாராத இடத்தில் அந்தப் பூட்டு திரும்பி வந்தது. முன்னால் விதைத்ததைப் பின்னால் அறுக்கும் இந்த உத்தி எல்லா நல்ல கலைஞர்களிடமும் உண்டு. முதல் விதையைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது சிரிப்பு கிடைக்காது. அப்பாவுக்குக் கிடைத்தது, எங்களில் முதலில் சிரித்தவரும் அவரே.

குறை சொல்ல வேண்டுமானால், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்த சமூக ஊடகப் பகுதி தளர்வாக இருந்தது. பலர் பலமுறை சொல்லிவிட்ட செய்தி அது. அவராலும் புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை. அதை எடுத்துவிட்டு எழுபது நிமிடமாக்கினால் நிகழ்ச்சி இன்னும் இறுக்கமாகும். கைப்பேசிகளை அணைத்து வைக்கச் சொல்லி, பதிவு செய்ய முயன்ற ஒருவரை ஊழியர் அமைதியாகத் தடுத்தது எனக்குப் பிடித்தது. மேடையில் சோதிக்கப்படும் புதிய வரிகள் அரைகுறையாக வெளியே கசிந்தால் அந்தக் கலைஞரின் பல மாத உழைப்பு வீணாகிவிடும்.

நிகழ்ச்சி முடிந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. அன்றிரவே வீடு திரும்பிவிடலாம் என்று முதலில் எண்ணியிருந்தேன். என் மனைவிதான் ஒப்புக்கொள்ளவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும், அந்த நேரத்தில் கண்ணயர்ந்து நிகழும் விபத்துகள் மிகுதி என்பதால் அவர் சொன்னதே சரி. தங்கியதால் மற்றொரு நன்மையும் கிடைத்தது. விடுதி அறையில் விளக்கை அணைத்த பிறகும் பிள்ளைகள் இருவரும் வரிகளைத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா நடுநடுவே திருத்தினார், "அப்படி இல்லையம்மா, அவர் முதலில் சாவியைச் சொன்னார், அப்புறம்தான் கதவு." இரண்டு ஆண்டுகளாக எந்த உரையாடலிலும் பின்தங்கியிருந்தவர் அன்று மற்றவர்களைத் திருத்தும் இடத்தில் இருந்தார்.

இந்த அரங்கத்துக்கு மீண்டும் செல்வோம். அடுத்த முறையும் நான்காவது வரிசையின் நடுவில்தான் இடம் கேட்பேன். தொடக்கக் கலைஞர் பற்றிய விடை எழுத்தில் வந்த பிறகே மகனுக்கு நுழைவுச்சீட்டு வாங்குவேன். கேட்புக் கருவி அணியும் பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், அரங்கின் வாயிலில் காது வடிவமும் அதன் பக்கத்தில் ஆங்கில 'டி' எழுத்தும் உள்ள அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், விளக்கு அணைவதற்கு முன்பே கருவியை டெலிகாயில் நிலைக்கு மாற்றி, வளையம் வேலை செய்கிறதா என்று ஊழியரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது முதலில் வேலை செய்யவில்லை. மனைவி போய்ச் சொன்னதும் ஒருவர் ஓடிவந்து இயக்கிவிட்டுப் போனார்.